ஹெப்சிபா டீச்சரின் பயம்

ஹெப்சிபா டீச்சரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாத ஆள் ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இருந்து சத்துணவுக்கூடத்து அக்கா வரைக்கும் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. எங்காவது ஒரு பலூன் வெடித்தால் போதும், டீச்சர் கையிலிருக்கிற சாக்பீஸ் கீழே விழுந்துவிடும். விருதுநகரில் அவள் குடியிருந்த வீட்டில் கேஸ் சிலிண்டர் அடுப்படிக்குள் இருக்காது. சுவரில் ஓட்டை போட்டு, குழாயை மட்டும் உள்ளே விட்டு, சிலிண்டரை வெளியே தனியாக நிறுத்தியிருந்தாள். காலையில் கிளம்பும்போது அதை மூடிவிட்டுத் தெருமுனை வரை போவாள். மூடினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவாள். அதற்குள் பஸ் போய்விடும்.

சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் யாரும் தாயில்பட்டியில் பிறந்து, ஒன்பதாம் வகுப்பு படிக்கிற வயதில், ஒரு மத்தியான நேரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இல்லை.

அவளுடைய அம்மா இன்பம் அங்கே ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தாள். அன்றைக்கு முதலில் கேட்ட சத்தம் சின்னதுதான். கதவுப் பக்கம் தீப்பிடித்துக்கொண்டது, இன்பம் ஷெட்டுக்கு உள்ளே இருந்தாள். அடுத்த ஷெட்டில் கலந்து வைத்த வெடிமருந்து இருந்ததால் யாரும் பக்கத்தில் போகவில்லை. அப்பா போகப் பார்த்தார். நாலு பேர் சேர்ந்து அவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்களைக் குறை சொல்ல முடியாது, கொஞ்ச நேரத்தில் அந்த ஷெட்டும் போய்விட்டது. இன்பம் உள்ளே இருந்து கூப்பிட்டாள் என்று ஒரு பெண் சொன்னாள். ஒரு சத்தமும் வரவில்லை என்று இன்னொருவர் அடித்துப் பேசினார். எது நிஜம் என்று ஹெப்சிபாவுக்கு இன்றுவரை தெரியாது. கூப்பிட்டிருந்தால் அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாள் என்று மட்டும் மனசு யோசித்துக்கொண்டே இருக்கும். யோசிக்கக் கூடாது என்று நினைத்தால் இன்னும் அதிகமாக யோசிக்கும்.

கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை பட்டாசுக் கம்பெனி, தீப்பெட்டி ஆபீஸ், கல்குவாரி இந்த மூன்றின் பக்கமும் தலைவைத்துப் படுத்திருக்கக் கூடாது. சபையில் விசாரித்து ஜெபசுந்தர் என்று ஒருவனைச் சொன்னார்கள். விருதுநகர்ப் பையன், இன்ஜினியரிங் படித்தவன், லடாக்கில் ஒரு மலை மேல் இருக்கிற பெரிய டெலஸ்கோப்பைப் பராமரிக்கிற வேலை. நட்சத்திரம் பார்க்கிற இடத்தில் என்ன வெடித்துவிடப்போகிறது? ஹெப்சிபா உடனே தலையாட்டிவிட்டாள். அங்கே காற்று சரியாக இல்லை என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அதைக் கல்யாணத்துக்குப் பிறகு ஜெபசுந்தரே சொன்னான், ஏதோ பெருமைப்பட வேண்டிய விஷயம் மாதிரி.

"அங்கன காத்து நம்ம ஊருல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும். இங்கன ஒரு மூச்சு விட்டா அங்கன ரெண்டு விடணும்."

"பெறகு எதுக்கு அங்கன கொண்டுபோயி வச்சிருக்காக?"

"காத்து கொறஞ்சாத்தான் நட்சத்திரம் ஆடாம தெளிவாத் தெரியும். வானத்துல ஈரமும் கெடையாது. நட்சத்திரத்துக்கு அம்புட்டு நல்ல எடம்."

"மனுசனுக்கு?"

"மனுசனுக்கு ஆகாதுதான்," என்று சிரித்தான்.

அவனுக்கு அதெல்லாம் வேடிக்கைக் கதைகள். புதிதாக வந்த விஞ்ஞானி ஒருவர் ஒரே கணக்கை மூன்று தடவை போட்டு மூன்று விடை எடுத்த கதை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடி இன்னொருவர் ஜீப்பை விட்டு இறங்கின கதை. அதனால் அங்கே யாரும் தனியாக ஒரு முடிவும் எடுக்க மாட்டார்களாம். எந்தப் பொத்தானை அமுக்குவதற்கு முன்னாலும் பக்கத்து ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்களாம். கீழேயிருந்து போகிறவன் லே ஊரில் சில நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்கிவிட்டுத்தான் மலையேற வேண்டும். மூளையில் நீர் கோத்துக்கொண்டால் குடித்தவன் மாதிரி பேச ஆரம்பிப்பான். சந்தேகம் வந்தால் ஒரு கோட்டின் மேல் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். தள்ளாடினால் உடனே ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்கிவிட வேண்டும். இதில் முக்கியமான விதி, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்கிறவன் பேச்சை நம்பவே கூடாது என்பது.

அவன் சொல்லச் சொல்ல ஹெப்சிபா, வெடிக்கிற ஊரைவிட்டுத் தப்பித்து மூச்சு இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டோமே என்று நினைப்பாள். ஆனாலும் அவன் பல வருஷமாகப் போய் வருகிறவன். மூன்று மாசம் மேலே, ஒரு மாசம் வீட்டில் என்று பழகியும்விட்டது. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவான். அந்த முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அப்படி ஒரு மத்தியானம்தான் அவள் அந்தச் சிலிண்டரைப் பார்த்துவிட்டாள். அவன் அறையில் மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், ஹீட்டருக்கு எட்டின தூரத்தில், ஒரு கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது.

"ஏங்க, என்னது அது?"

"ஆக்சிஜன். ரூமுக்கு ஒண்ணு குடுத்திருக்காக. அவசரத்துக்கு."

"தீக்குப் பக்கத்துலயா?"

"இது எரியாது, ஹெப்சி. எரியுறதை நல்லா எரிய வைக்கும், அம்புட்டுத்தான்."

"ரெண்டும் ஒண்ணுதான!"

அவன் பொறுமையாகத்தான் விளக்கினான். இந்தக் குமிழைத் திருகினால்தான் காற்று வரும், இந்த மாஸ்க்கை மூக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும், மற்றபடி அது தூங்குகிற பிள்ளை மாதிரி கிடக்கும் என்றெல்லாம் எடுத்துக் காட்டினான். அவள் காதில் ஏறவில்லை. பட்டாசு ஊரில் பிறந்த பிள்ளைக்கு நடை பழகும்போதே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: தள்ளி வை. மருந்து கலக்கிற ஷெட் தனி, அடைக்கிற ஷெட் தனி, காயவைக்கிற மேடை தனி, நடுவில் வெறும் மண். ஒன்று போனாலும் இன்னொன்று தப்ப வேண்டும். ஹெப்சிபா அழுதாள், சாப்பிட மாட்டேன் என்றாள், போனை வைத்துவிட்டு எடுக்காமல் இருந்தாள். கடைசியில் ஜெபசுந்தர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய், முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சாமான் ஷெட்டில் வைத்துவிட்டு, அதைப் படம் எடுத்தும் அனுப்பினான். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

விவரம் தெரிந்த ஒருவரும் அங்கே அதைச் செய்திருக்க மாட்டார்கள். ஹீட்டரைத்தான் தள்ளி வைத்திருப்பார்கள். மூச்சைத் தள்ளி வைக்கிற புத்தி இந்தப் பக்கத்து ஆட்களுக்குத்தான் வரும்.

இந்த வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. ஊர் சத்தமில்லாமல் இருந்தது. ஜெபசுந்தர் லீவில் வந்திருந்தான். சபையில் அசனப் பண்டிகை, ஊருக்கே சோறு போடுகிற நாள். சாம்பார் வாளி தூக்குவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்காக லீவைச் சில நாள் நீட்டிக்கொண்டான். போதாததற்கு நல்ல ஜலதோஷமும் பிடித்துக்கொண்டது. மேலே ஒரு மோட்டார் பழுதாகி டெலஸ்கோப் திரும்பாமல் நிற்கிறது என்று போன் மேல் போன் வந்தது. லேயில் தங்கவேண்டிய நாட்களைத் தங்காமல், இறங்கின மறுநாளே ஜீப் ஏறிவிட்டான்.

"புதுசாப் போறவனுக்குத்தான் அந்தச் சட்டமெல்லாம். நான் பழைய ஆளு," என்றான். ஹெப்சிபா அதற்கும் பயந்தாள். ஆனால் அவள் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்பதால் அந்தப் பயத்துக்கு யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை, அவள் உட்பட.

அடுத்து வந்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் இருந்தது. மழைக்கு விட்ட லீவை ஈடுகட்ட வைத்த வகுப்பு. மத்தியானம் வராந்தாவில் உட்கார்ந்து ஹெப்சிபாவும் கற்பகவல்லி டீச்சரும் டிபன் டப்பாவைத் திறந்தார்கள். கற்பகவல்லி மூன்றாம் வகுப்பு டீச்சர், வயதில் மூத்தவள், ஹெப்சிபாவைக் கேலி செய்கிறவர்களில் முதல் ஆள். போன் அடித்தது. ஜெபசுந்தர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் உப்பியிருந்தது.

"ஹெப்சி, சாப்பிட்டியா?"

"இப்பத்தான் டப்பாவத் தொறக்கேன். நீங்க சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டியா?"

"சொன்னேன்ல. நீங்க?"

"சாம்பார் வாளிய யாரு எடுத்தா? பந்தி உக்காந்துருச்சு. வாளியக் காணோம்."

ஹெப்சிபா சிரித்துவிட்டாள். கற்பகவல்லி டீச்சரும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஒங்க வீட்டுக்காரரு இன்னும் அசனத்தை விட்டு வரல டீச்சர்."

ஜெபசுந்தர் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து நிஜமாகவே வாளியைத் தேடினான். நிமிர்ந்தபோது அவன் உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. ஹெப்சிபாவின் கையிலிருந்த டப்பா சரிந்து சோறு தரையில் கொட்டியது.

"ஏங்க, எந்திரிச்சு நடங்க பாப்போம். சன்னல்ல இருந்து கதவு வரைக்கும், நேரா, கோட்டு மேல நடக்க மாதிரி."

"எதுக்கு?"

"எனக்காக நடங்க."

போனைச் சன்னலில் சாய்த்து வைத்துவிட்டு அவன் நடந்தான். இரண்டாவது எட்டிலேயே உடம்பு ஒரு பக்கமாகப் போய்ச் சுவரில் மோதியது. அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் படுக்கேன், தல வலிக்கி," என்று குழறினான். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

எதுவும் நடக்காதபோது நாளெல்லாம் நடுங்குகிறவளுக்கு, நடக்கும்போது நடுங்கக்கூட முடியவில்லை. "அக்கா, ஒங்க போனைக் குடுங்க, இல்ல, நீங்களே கூப்புடுங்க, அவுக ஹெட் ஆபீஸ், பெங்களூர்ல இருக்கு," என்று நம்பரைச் சொன்னாள். கற்பகவல்லி முற்றத்துக்கு இறங்கிப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கேலி இல்லை.

"கேட்டாச்சு டீச்சர். டிரைவரும் சமையக்காரரும் ரூமைப் பூட்டிட்டுச் சாமான் வாங்கக் கீழ ஊருக்குப் போயிருக்காகளாம். தகவல் சொல்லிட்டாக. மேல வந்துசேர அரைமணி நேரம் ஆகுமாம். விஞ்ஞானிக ரெண்டு பேரு உச்சிக் கட்டடத்துல இருக்காக, ராத்திரி பூரா வேலை பாத்துட்டுப் போனை அணைச்சுட்டுத் தூங்குதாகளாம். கட்டடத்துப் போன்ல மணி அடிக்கி, எடுக்க ஆளில்ல. அதுவரைக்கும் ஆக்சிஜன் வச்சுக்கிடச் சொல்லுதாக. தூங்கவிடக் கூடாதாம். ரூம்லயே சிலிண்டர் இருக்கும்னு சொல்லுதாரு அந்த சார்."

ரூமில் இல்லை. அதை எடுத்துத் தள்ளி வைக்கச் சொன்னவள் இங்கே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள்.

கொன்றுவிட்டோம் என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது. வேறு எப்படியும் தோன்றவில்லை. தீக்குப் பயந்து பயந்து, புருஷனுடைய மூச்சைத் தன் கையாலேயே முற்றம் தாண்டித் தூக்கி வைத்துவிட்டாள்.

"ஏங்க, படுக்காதீக! ஷெட்டுக்குப் போங்க. சாமான் ஷெட்டு. அங்கன சிலிண்டர் இருக்கு."

"அங்கன எனக்கென்ன வேல."

"ஒங்களுக்கு முடியல. மாஸ்க் மாட்டணும்."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"கெஞ்சிக் கேக்கேன், போங்க!"

"சும்மா நைநைங்காத," என்று கத்திவிட்டுப் போனை அணைத்துவிட்டான். கல்யாணமான நாளில் இருந்து அவன் அவளிடம் சத்தம் போட்டதே இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கற்பகவல்லி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு அம்மனைக் கூப்பிட்டாள். ஹெப்சிபாவுக்கு ஜெபம்கூட வரவில்லை. சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டு கூச்சல் போட்டன.

கடைசியில் எடுத்தான். படத்தில் கூரைதான் தெரிந்தது. படுத்துவிட்டான். மூச்சு ஈரத்துணியைக் கசக்குகிற மாதிரி கேட்டது.

"என்ன?"

அந்த ஒரு சொல்லில் தூக்கம் பாதிக்கு மேல் வந்துவிட்டிருந்தது. இன்னும் ஒரு தடவை ஷெட்டுக்குப் போங்க என்றால் மறுபடி அணைப்பான், பிறகு எடுக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கு அவனைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அப்புறம் அவள் வாயில் வந்தது அவள் யோசித்துச் சொன்னது அல்ல. எத்தனையோ வருஷமாக யோசிக்கக் கூடாது என்று அமுக்கி வைத்திருந்தது.

"ஏங்க, நான் உள்ள மாட்டிக்கிட்டேன். ஷெட்டுக்குள்ள இருக்கேன். கதவைத் தொறக்க முடியல. பொகையா வருது. யாராச்சும் வாங்களேன். ஏங்க, சீக்கிரம் வந்து தொறங்க!"

அம்மா இப்படித்தான் கூப்பிட்டிருப்பாள் என்று அவள் மனசுக்குள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வார்த்தைகள். வராந்தாவில், பட்டப்பகலில், தன் குரலிலேயே அது வெளியே வந்தபோது அவளுக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. தட்டுக் கழுவிய பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டன. கற்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

போனில் கட்டில் கிறீச்சிட்டது. கூரை அசைந்தது. "எங்க? ஹெப்சி, எங்க இருக்க?"

"சாமான் ஷெட்டுல."

"வாரேன். இரு. வாரேன்."

கதவு, படிக்கட்டு, பிறகு கண்ணைக் கூசவைக்கிற வெயில். போன் அவன் கையில் ஆடிக்கொண்டே போனதில் சரளைக்கல்லும் நீலவானமும் மாறி மாறி வந்தன. அவன் ஓடப் பார்க்கிறான் என்பது மூச்சில் தெரிந்தது. அந்த உயரத்தில், அந்த நிலையில் ஓடினால் பாதியிலேயே விழுந்துவிடுவான்.

"ஓடாதீக! மெதுவா வாங்க!"

தீக்குள் மாட்டிக்கொண்டவள் மெதுவாக வா என்று சொல்வதை நினைத்தால் பிற்பாடு சிரிப்பு வரலாம். அப்போது அங்கே யாருக்கும் வரவில்லை.

"நீ பேசாத," என்றான் அவன், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கி. "பொகை... உள்ள போயிரும். துணிய நனைச்சு... மூக்குல வச்சுக்கோ."

பிறகு பொத்தென்று ஒரு சத்தம். போன் மண்ணில் விழுந்து வெறும் வானத்தைக் காட்டியது. அவ்வளவு அடர்ந்த நீலத்தை ஹெப்சிபா பார்த்ததில்லை. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. "ஜெபசுந்தர்! ஜெபசுந்தர்!" என்று பள்ளிக்கூடமே கேட்கக் கத்தினாள். வானம் அப்படியே இருந்தது. அப்புறம் ஒரு கை வந்து போனை எடுத்தது. முழங்காலில் தவழ்கிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. உள்ளே இருட்டு.

"எங்க இருக்க?"

"சிலிண்டருக்குப் பக்கத்துல. கறுப்புச் சிலிண்டர்."

சாமான்கள் உருண்டன. பெட்டிக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் எல்லாம் அவன் அவளைத் தேடினான். அவன் அழுகிற சத்தம் கேட்டது.

"சிலிண்டரைப் பிடிச்சிட்டீகளா?"

"ம்."

"மேல இருக்க குமிழைத் திருகுங்க."

உஸ் என்று சத்தம் வந்தது. பட்டாசு ஊர்க்காரி எவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டால் ஈரக்குலை நடுங்கும், திரி பிடித்துவிட்ட சத்தம் அது. ஹெப்சிபா பல்லைக் கடித்துக்கொண்டாள். "மாஸ்க்கை மாட்டுங்க."

அவன் மாஸ்க்கை எடுத்துப் போனுக்கு நேரே நீட்டினான். படம் முழுக்க அந்த பிளாஸ்டிக்தான் தெரிந்தது.

"நீ மாட்டு. மொதல்ல நீ."

"எனக்கு வேண்டாங்க, நீங்க..."

"மாட்டு, ஹெப்சி. பொகை."

நீட்டிய கை இறங்கவே இல்லை. காற்று வெறுமனே வெளியே போய்க்கொண்டிருந்தது. ஹெப்சிபா முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, நன்றாகச் சத்தம் வருகிற மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

"பாத்தீகளா, மாட்டிட்டேன். நல்லா இருக்கு. எனக்குப் போதும். இப்ப நீங்க மாட்டுங்க. நீங்க மாட்டலைன்னா நானும் கழட்டிருவேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மாஸ்க்குக்குள் அவன் மூச்சு கேட்டது. டிரைவர் வருகிற வரைக்கும் ஹெப்சிபா முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அவனோடு சேர்ந்து இழுத்து, அவனோடு சேர்ந்து விட்டாள். அங்சுக் என்கிற அந்த லடாக்கி டிரைவர் போனை எடுத்து இந்தியில் என்னென்னவோ சொன்னார். "ஓகே மேடம், ஓகே" என்பது மட்டும் புரிந்தது. ஹெப்சிபா வராந்தா ஓரத்தில் போய் வாந்தி எடுத்தாள். கற்பகவல்லி டீச்சர் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

சிலிண்டரோடு ஜீப்பில் ஏற்றி அன்றைக்கே அவனைக் கீழே கொண்டுபோனார்கள். லேயில் ஆஸ்பத்திரி, அப்புறம் டெல்லி. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். கோடைக்காலம் வரை மலையேறக் கூடாது, மற்றபடி ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

வந்தவனிடம் ஹெப்சிபா அந்த மத்தியானத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பேச அவளுக்கு வெட்கமாக இருந்தது. சிலிண்டரை வெளியே வைக்கச் சொன்னது ஒரு தப்பு என்றால், மூளை கலங்கிக் கிடந்தவனைப் பொய் சொல்லி அழவைத்தது இன்னொன்று. மூளைக்கு ஆக்சிஜன் எட்டாதவன், என்ன சொன்னாலும் நம்புவான் என்று தெரிந்து ஏமாற்றியாகிவிட்டது. கேட்டுவிடுவானோ என்று பயந்துகொண்டே அவனுக்குச் சோறு போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றிரண்டை எடுத்து உரித்தான்.

"ஹெப்சி, அன்னைக்கு நீ ஷெட்டுக்குள்ள இருக்கேன்னு சொன்னேல்ல."

அவள் கை நின்றுவிட்டது. "வேற வழி தெரியலங்க. மன்னிச்சிருங்க. நீங்க தெளிவில்லாம இருந்தீக, நம்பிட்டீக..."

"நம்பலையே."

"என்னது?"

"தல கிறுகிறுன்னு இருந்துச்சு, வாஸ்தவந்தான். ஆனா ஒன் பின்னால பள்ளிக்கூடத்துச் சுவரு தெரிஞ்சுச்சு. பிள்ளைக சத்தம் கேட்டுச்சு. நீ ஆமத்தூருலதான் இருக்கன்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு."

"பெறகு ஏன் போனீக?"

ஜெபசுந்தர், இதில் என்ன கேள்வி இருக்கிறது என்கிற மாதிரி அவளைப் பார்த்தான்.

"ஒருவேளை நெசமா இருந்துட்டா?"

"பொகை வருதுன்னு சொன்னேன். உள்ள சிலிண்டர் இருக்குன்னும் தெரியும். வெடிச்சுரும்னு பயமா இல்லையா?"

"பயந்தான். ஆனா நீ உள்ள இருந்து கூப்புடுத. நான் எப்படி வெளிய நிக்க?"

ஹெப்சிபா வெங்காயத் தட்டைக் கீழே வைத்தாள். அப்புறம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டார் சன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்கு அழுதாள். அப்படி என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் ஜெபசுந்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.